"எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாதே, சாரே!"

"படத்தைத் திருப்பிப் பிடிச்சிருக்கிய சாரே" என்றார் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த அம்மா. ஜவுளிக்கடைப் பை நிறைய மகனுடைய எக்ஸ்ரேக்கள். இடது பக்கத்தைக் காட்ட ஓரத்திலிருந்த 'எல்' எழுத்து நேராகத்தான் தெரிந்தது. பையனின் வலது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். இதயம் அங்கேதான் துடித்தது.

பிறந்த மறுநாளே மூச்சுத்திணறல். வருடம் முழுக்க மூக்கொழுகல், சளி இருமல், காதில் சீழ். இரண்டு தடவை ஆறு மாதக் காசநோய் மாத்திரை வேறு. சளியில் ஒருமுறைகூடக் காசநோய்க் கிருமி தென்பட்டதில்லை. பையனுக்கு இப்போது 12 வயது. இந்த வருடம் இதே நோயோடு நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இவன். பிறந்ததிலிருந்து நிற்காத சளி இருமலை 'வீசிங்' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்முடிகள் சரியாக அசையாத பிறவி நோய் இது. பெயர் 'பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா'. ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடவலம் மாறியிருக்கும். 50க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதில் பழுது என்று ஒவ்வொன்றாகத் தேடி முடியாது. அதனால்தான் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் 'சீக்வென்சிங்' செய்து மொத்தமாகப் பார்க்கிறோம். கொஞ்சம் ரத்தம் போதும்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது தலைப்பில் இருக்கிற கேள்விதான். கிடையாது, சரி. ஆனால் நம் மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பிரதியாக இருக்கின்றன. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. இந்த நோயில் பெரும்பாலும் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆயுசு முழுக்க ஒரு தும்மல்கூடக் கூடுதலாக வராது. ஒரே மரபணுவில் பழுதுள்ள இரண்டு பேர் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதெல்லாம் தப்புக் கணக்கு. சொந்தத்தில் கட்டினால் இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடும். இந்தத் தம்பதி அத்தை மகனும் மாமன் மகளும். "உன் வழியில வந்தது" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்கள் தயவுசெய்து கேளுங்கள்: பெரும்பாலும் பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வருகிறது.

அதற்காக எடுத்த எடுப்பிலேயே இந்தப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். சிடி ஸ்கேன், சளிப் பரிசோதனை, வியர்வையில் உப்பு பார்ப்பது எல்லாம் முதலில். மரபணு ரிப்போர்ட்டில் பழுது எதுவும் சிக்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல் நேரில் வாருங்கள்.

"குணமாக்க மருந்து இல்லையாமே, பின்ன எதுக்குச் செலவு?" நோயின் பெயர் தெரிந்தால் வேண்டாத காசநோய் மாத்திரை நிற்கும். தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சி, ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, காது பரிசோதனை என்று நுரையீரலை முடிந்தவரை காப்பாற்றலாம். வீட்டில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகைப் பக்கம் பிள்ளையை விடவே விடாதீர்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கதவருகே நின்றார். "இளையவளுக்கும் மூக்கு ஒழுகிட்டேதான் இருக்கு, கூட்டிட்டு வரட்டா?"

நாளைக்கே கூட்டிட்டு வாங்க என்றேன்.