பத்தாயத்தில் எலி, குழாயில் வெள்ளையணு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். போன வருடம் வேறு எதற்கோ ரத்தம் சோதித்தபோது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது, சிஎல்எல் வகை. மெதுவாக நகரும் நோய் என்பதால், இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இந்த வகையில் பலருக்கும் அதுதான் முறை.

கேள்வி அதைப் பற்றியது இல்லை. போன வாரம் லேப் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 48 என்று வந்திருக்கிறது. 48 என்றால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்க வேண்டும். அவரோ ரத்தம் கொடுத்த கையோடு வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு, திரும்பி வந்துதான் இட்லி சாப்பிட்டிருக்கிறார். அன்று விடியற்காலை வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தது 142. "சார், எது பொய்?"

லேப் மெஷின் பொய் சொல்லியிருக்காது. குழாயில் மிஞ்சியிருந்ததைச் சரியாகத்தான் அளந்திருக்கும். ஊசி குத்தியதற்கும் அளந்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

உடம்பை விட்டு வெளியே வந்ததும் ரத்த அணுக்கள் செத்துவிடுவதில்லை. குழாய்க்குள்ளும் அவற்றுக்குப் பசிக்கும். அங்கே இருக்கும் சாப்பாடு, கூடவே வந்த குளுக்கோஸ்தான். சாதாரண ரத்தத்தை அப்படியே வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். பத்தாயத்தில் போட்ட நெல்லில் நாலு எலி கொறிப்பது மாதிரி, பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணு இவருக்கு 1,80,000. நாலு எலி இருக்க வேண்டிய பத்தாயத்தில் எழுபது, எண்பது எலி! காலை ஆறு மணிக்கு எடுத்த சாம்பிள், கலெக்‌ஷன் சென்டரில் கொஞ்ச நேரம், பைக் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் கொஞ்ச நேரம் என்று இருந்துவிட்டுத் தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மத்தியானம். சூட்டில் அணுக்கள் இன்னும் வேகமாகத் தின்னும். 142 தேய்ந்து 48 ஆவதில் ஆச்சரியமே இல்லை.

இதற்குத்தானே சாம்பல் மூடி போட்ட குழாய் இருக்கிறது என்று லேப்பில் வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அதில் ஃப்ளோரைடு உண்டு. ஆனால் அது வேலை செய்யும் விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகவும் பிடித்தது அதுதான்.

செல் குளுக்கோஸை உடைப்பது பத்துப் படிகளில். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஃப்ளோரைடு அடைப்பது ஒன்பதாம் படியை. அதாவது, கல்லணையில் தலைமதகைத் திறந்து வைத்துவிட்டு, கடைமடையில் போய்ப் பலகை இறக்குகிறது! கடைசியில் அடைத்தால் தலைப்பில் தண்ணீர் உடனே நிற்குமா? வாய்க்கால் நிறைந்து எதிர்க்கும் வரை உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். செல்லிலும் முதல் படி திறந்தே இருப்பதால் குளுக்கோஸ் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் எப்படித்தான் நிற்கிறது? முதல் படியில் குளுக்கோஸைப் பிடித்து வைக்கச் செல் தன் கைக்காசைச் செலவழிக்க வேண்டும். அந்தக் காசுக்கு ஏடிபி என்று பெயர். போட்ட காசுக்கு மேல் லாபம் வருவது கடைசிப் படியில்தான். அது அடைபட்டதும், விதை நெல்லுக்குக் கடன் வாங்கி அறுவடை பார்க்காத விவசாயி மாதிரி, செல் கைமுதல் கரைந்து உட்கார்ந்துவிடுகிறது. கரைவதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் இத்தனை லட்சம் வாய்கள் தின்ன வேண்டியதைத் தின்றிருக்கும்.

சிட்ரேட் கலந்த குழாய் குழாய்க்குள் இருப்பதை அமிலமாக்கி முதல் படியையே அடைத்துவிடுகிறது. தலைமதகைச் சாத்துவது அதுதான். ஆனால் நம் பக்கத்து கலெக்‌ஷன் சென்டர்களில் அதை நான் பார்த்ததில்லை. ஐஸில் வைத்து உடனே எடுத்துப் போய், அணுக்களைச் சுழற்றிப் பிரித்துவிட்டாலும் போதும்.

வாசகி எழுதியதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. 48ஐப் பார்த்ததும் அவருடைய சித்தப்பா, "ஆவாரம்பூ கஷாயம் கேட்டுவிட்டது, இனி மாத்திரை எதற்கு" என்றாராம். மெட்ஃபார்மின் நான்கு நாளாக நின்றிருக்கிறது. வெள்ளையணு செய்த திருட்டுக்குக் கஷாயத்துக்குப் பொன்னாடை! வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்த் திருச்சாந்துருண்டை வாங்கி வருபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். இந்தக் கஷாயக் கணக்குதான் ஆபத்து.

அதே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1 என்று அதிகமாக வந்து, அது நிறைய இருக்கும் இளநீரையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சிஎல்எல் அணுக்கள் எளிதில் உடையக்கூடியவை. கையை இறுக்கிக் கட்டினாலோ, பெட்டியில் குலுங்கினாலோ உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் குழாயில் கொட்டிவிடும். ஆனால் பிரஷர் மாத்திரைகளில் சில நிஜமாகவே பொட்டாசியத்தை ஏற்றும், நாள்பட்ட சர்க்கரை சிறுநீரகத்தையும் பதம் பார்த்திருக்கலாம். அதனால் இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. உடனே திரும்ப எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சியும் இங்கே முழுசாகக் கை கொடுக்காது. சிஎல்எல்லில் சிலருக்குச் சிவப்பணுக்கள் ஆயுள் முடியும் முன்பே அழியும். சர்க்கரை ஒட்ட நேரம் கிடைக்காமல் எண் குறைந்து தெரியும்.

இன்னொரு நாள்பட்ட வகையான சிஎம்எல்லில், இமாட்டினிப் மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் வெள்ளையணு இறங்கி எலித்தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அந்த மாத்திரை சிலருக்கு உடம்பிலேயே சர்க்கரையைக் குறைக்கும். அதே குடும்பத்து நிலோட்டினிப் ஏற்றிவிடும். இமாட்டினிப்புக்காக நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அதை உறுதி செய்தது. மாத்திரை விலைக்கு ஏழு வருடம் வழக்காடிய நாட்டில், சாம்பிளுக்கு ஒரு ஐஸ் பெட்டி வைக்கக் காசில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாசகிக்கு: மெட்ஃபார்மினை நிறுத்தியதை டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். லேப் இருக்கும் இடத்துக்கே அப்பாவை அழைத்துப் போய், வெள்ளையணு எண்ணிக்கையை முதலிலேயே சொல்லி, அங்கேயே ரத்தம் எடுத்து உடனே பார்க்கச் சொல்லுங்கள். அதே நிமிடத்தில் விரலிலும் குத்திப் பார்த்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் ரிப்போர்ட் வரும் வரை இளநீர் மரத்திலேயே இருக்கட்டும்.