இரண்டாவது முறை அழுத்தினால் பணம் இரண்டு முறை போகுமா?

“பணம் செலுத்தும் பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று வந்தது. மறுபடி அழுத்தலாமா, இரண்டு தடவை பிடித்துவிடுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். செயலியை எழுதியவர் ஒரு சின்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தால் தாராளமாக அழுத்தலாம். அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். கடையின் செயலி தானாகப் பணம் வசூலிப்பதில்லை. ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்ற ஒரு பணவசூல் சேவையின் ஏபிஐயை (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வாசல்) அழைத்து, “இந்த ஆர்டருக்கு இவ்வளவு வசூல் செய்” என்று கேட்கிறது. கேட்பது கடையின் சர்வராக இருக்க வேண்டும். ஏபிஐயின் ரகசியக் குறியீட்டை மொபைல் செயலிக்குள் வைத்தால், செயலிக் கோப்பைப் பிரித்துப் பார்ப்பவர் யாரும் அதை எடுத்துவிடலாம். தொகையைப் பைசாவில், முழு எண்ணாக அனுப்ப வேண்டும்: 499 ரூபாய் என்றால் 49900. இதை மறந்து 499 என்று அனுப்பினால் ஐந்து ரூபாய்கூட வசூலாகாது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். அழைப்புக்கு “ஆயிற்று” என்று பதில் வரலாம், “முடியாது” என்று வரலாம். இரண்டும் தொல்லை இல்லாதவை. பதிலே வராமல் நேரம் கடந்துபோவதுதான் தொல்லை. கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்தும் அங்குள்ள சர்வர் பாதி வேலையில் விழுந்திருக்கலாம். வேலை முழுதும் முடிந்து, பணமும் பிடிக்கப்பட்டு, பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மௌனம்தான்.

இன்னும் நல்ல நெட்வொர்க் இருந்தால் இது தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது என்பதற்குக் கணித நிரூபணமே இருக்கிறது. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இந்தச் சிக்கல் வருகிறது. 1978இல் கணினி அறிஞர் ஜிம் கிரே இதற்கு ‘இரு தளபதிகள்’ என்று பெயரிட்டார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரு படைகளும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதர்கள் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். எத்தனை தூது அனுப்பினால் இருவருக்கும் உறுதி கிடைக்கும்? உறுதி தரும் மிகச் சிறிய தூது வரிசை ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசித் தூதரும் பிடிபடக் கூடியவர்தான். ஆகவே அவர் வராவிட்டாலும் திட்டம் பலிக்க வேண்டும். அப்படியானால் அவர் தேவையே இல்லை, அவர் இல்லாத இன்னும் சிறிய வரிசை போதும். ‘மிகச் சிறியது’ என்று சொன்னது பொய்யாகிவிட்டது. ஆகவே அப்படி ஒரு வரிசை கிடையாது. சில வாக்கியங்களில் முடிந்துபோகும் இந்த நிரூபணம் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

உறுதி கிடைக்காது என்றால் என்ன செய்வது? மறுபடி கேட்பதால் கேடு வராதபடி செய்துவிட வேண்டும். லிஃப்ட் பட்டனைப் பத்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் ஒருமுறைதான் வரும். இந்தக் குணத்துக்கு ‘ஐடெம்பொட்டன்ட்’ என்று 1870இல் பெயர் வைத்தவர் அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே, அந்தக் குணம். “முகவரியை இப்படி மாற்று” என்பதில் அது இயல்பாகவே உண்டு. “500 ரூபாய் பிடி” என்பதில் கிடையாது. இல்லாத இடத்தில் அதை வரவழைப்பதுதான் ஐடெம்பொட்டன்சி கீ என்ற அடையாள எண்.

வாடிக்கையாளர் பட்டனை முதல்முறை தொட்டதும் கடையின் சர்வர் அந்த ஆர்டருக்கென்று எதேச்சையான ஒரு எண்ணை உருவாக்குகிறது. மறுபடி தொட்டால் அதே எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் யூயூஐடி எனப்படும் அடையாள எண்ணின் நான்காம் வகை: 36 எழுத்து நீளம், உள்ளே 122 எதேச்சை பிட்கள். அதை முதலில் தன் டேட்டாபேஸில் ஆர்டருக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிறது. அதற்குப் பிறகுதான் கோரிக்கையின் தலைப்பில் சேர்த்து அனுப்புகிறது. இந்த வரிசை மாறக் கூடாது. அனுப்பிய கணத்தில் நம் சர்வரே விழுந்தாலும், எழுந்ததும் அதே எண்ணோடு கேட்க முடிய வேண்டும். எதிர்ப்பக்கம் அந்த எண் தன் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் பதிந்துகொண்டு வேலையைச் செய்து, பதிலையும் அதன் அருகிலேயே சேமிக்கிறது. இருந்தால், பணத்தைத் தொடாமல் சேமித்த பதிலை அப்படியே திருப்பித் தருகிறது. தொலைந்த பதில் கைக்கு வந்துவிட்டது!

தவறுகள் நுணுக்கமான இடங்களில் நடக்கின்றன. அதிகம் காண்பது, மறுமுயற்சிச் சுழற்சிக்கு உள்ளே கீயை உருவாக்குவது. ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் கிடைத்தால் ஒவ்வொன்றும் புதுப் பணப்பிடிப்புதான். அடுத்தது, பயனர் பெயரையும் தொகையையும் ஒட்டிக் கீயாக்குவது. மொய் நோட்டில் பெயரும் தொகையும் மட்டும் எழுதினால் 500 ரூபாய் வைத்த இரண்டு முருகேசன்கள் ஒருவராகிவிடுவார்கள். அதனால்தான் ஊரையும் சேர்த்து எழுதுகிறோம். அதுபோல, ஒரே ஆள் உண்மையாகவே இரண்டாவது டிக்கெட் வாங்கும்போது இந்தக் கீ அவரைத் தடுத்துவிடும். மூன்றாவது தவறு சர்வர் பக்கத்தில்: “இருக்கிறதா” என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவது. சில மில்லிவிநாடி இடைவெளியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் “இல்லை” என்றே காணும், இரண்டும் பணம் பிடிக்கும். முதலில் எழுத முயல வேண்டும். அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிடமே விட வேண்டும்.

கீக்கு ஆயுளும் உண்டு. ஸ்ட்ரைப்பின் பழைய முதல் பதிப்பு ஏபிஐ, குறைந்தது 24 மணி நேரம் கழிந்த கீக்களை நீக்கிவிடலாம் என்கிறது. வரிசையில் தேங்கி இரண்டு நாள் கழித்து மறுமுயற்சி போனால் அது புதுக் கோரிக்கையாகிவிடலாம். அதே பதிப்பில், வேலை தொடங்கிய பின் 500 என்ற பிழை (சர்வரின் உள்கோளாறைச் சொல்லும் எண்) வந்திருந்தால், அதே கீக்கு அந்தப் பிழையே திரும்பத் திரும்ப வரும். அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு புதுக் கீயோடு அனுப்பாமல், பணம் பிடிக்கப்பட்டதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

“பின்செல்லும் பட்டனை அழுத்தாதீர்கள், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள்” என்று இன்னமும் பல தளங்கள் எச்சரிக்கின்றன. ஒரு டேட்டாபேஸ் கட்டுப்பாடு செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளரின் விரல்மேல் சுமத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பூனை குறுக்கே போனால் நின்று போவதுபோல, காரணம் கேட்காமல் நாமும் இதற்குப் பழகிவிட்டோம். பொறியியல் கல்லூரிகளில் நிரல்மொழிகளுக்குத் தரும் நேரத்தில் ஒரு வாரத்தையாவது இதற்குத் தர வேண்டும்.

மறுமுயற்சி பாதுகாப்பானது என்பதற்காக உடனுக்குடன் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. 2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. “அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று” என்று வங்கிகளிடமிருந்து குவிந்த நிலை விசாரணை அழைப்புகளே காரணமாகச் சொல்லப்பட்டது. பதில் தாமதமானால் எல்லாரும் மறுபடி கேட்கிறார்கள். கேட்பதாலேயே தாமதம் இன்னும் கூடுகிறது. எனவே 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதோடு ஒரு எதேச்சைப் பின்னத்தையும் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் ஒரே கணத்தில் தோற்ற பத்தாயிரம் பேரும் ஒரே கணத்தில் திரும்பி வருவார்கள். நேரம் கடந்தால், ‘கோரிக்கைகள் மிகுந்துவிட்டன’ என்னும் 429 வந்தால், 500 வரிசைப் பிழை வந்தால் மட்டுமே மறுமுயற்சி. 400, 401 என்றால் கோரிக்கையிலோ அனுமதியிலோ கோளாறு. ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

பணம் வந்த செய்தியைச் சேவையே வெப்ஹூக் என்ற தானியங்கி அழைப்பின் மூலம் கடையின் சர்வருக்குச் சொல்லும். அதுவும் இரண்டு முறை வரலாம். நிகழ்வு எண்ணைக் குறித்துவைத்து இரண்டாவதை விட்டுவிட வேண்டும். செய்தி அந்தச் சேவையிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது வந்த பைட்டுகளை அப்படியே எடுக்க வேண்டும். ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் அந்தச் செய்தியைப் பிரித்து மறுபடி கோத்தால் ஒரு இடைவெளி மாறினாலும் 64 எழுத்துக் கையொப்பம் முழுதும் வேறாகிவிடும்.

கேட்ட வாசகருக்கு: கடைக்காரரின் செயலி எப்படி எழுதப்பட்டது என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆகவே மறுபடி அழுத்துமுன் வங்கிக் குறுஞ்செய்தியையும் யூபிஐ செயலியின் வரலாற்றையும் பாருங்கள். பணம் போயிருந்தால் 12 இலக்கக் குறிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதி போய்ச் சேராத யூபிஐ பணம், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.