காதலைச் சொல்லக் கல்மேல் ஏற வேண்டாம்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு பையனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலது பாதம் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை கிழிந்திருந்தது. கூட வந்த பெண் தன் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அது முழுக்க நனைந்து ரத்தம் சொட்டியது. அவளுக்கும் முழங்கையில் நல்ல சிராய்ப்பு. பையனின் சட்டைப் பையில் சின்னதாக ஒரு சிவப்பு வெல்வெட் டப்பா.

"எங்கப்பா விழுந்த?"

"காசிமேட்டுப் பக்கம், கல்லுல டாக்டர். ப்ரொபோஸ் பண்ணலாம்னு கூட்டிட்டுப் போனேன்."

காயத்தைக் கழுவியபோது உள்ளே சிப்பித் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, 11 தையல் போட்டேன். அப்புறம் அந்தப் பெண்ணின் முழங்கைக்கு மருந்து வைக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள்: "நான் இன்னும் பதிலே சொல்லல டாக்டர். கல்லுல ஏறும்போதே பயமா இருந்துச்சு. வேணாம்னா அவன் முகம் வாடிடும். ஃப்ரெண்ட்ஸ் வேற போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதான் ஏறிட்டேன்."

வடசென்னையில் 14 வருஷமாக அவசரச் சிகிச்சை பார்க்கிறேன். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கப் போன இடத்திலிருந்து அடிபட்டு வருகிறவர்களை அவ்வப்போது பார்ப்பதுண்டு. யாரும் செய்யாத இடத்தில் செய்யவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அது தப்பில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. 'இந்த இடம் வேண்டாம்' என்றே சொல்ல முடியாதவளால், அங்கே நின்று கேட்கிற கேள்விக்கு மட்டும் மனசறிந்து எப்படிப் பதில் சொல்ல முடியும்?

முதலில் அந்தக் கற்கள். மெரினாவுக்கு மணல் இருக்கிறது, நமக்கு ஏன் கல் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தெருத்தெருவாகப் போன வீடுகளைப் பற்றி இங்கே பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள். கரையைக் காப்பாற்றத்தான் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். அலையின் வேகத்தைத் தாங்கி உடைப்பதுதான் அந்தக் கல்லின் வேலை. அதாவது, கரையிலேயே அலை பலமாக வந்து மோதுகிற இடம் எதுவோ, அங்கேதான் மோதிரத்தை நீட்டிக்கொண்டு மண்டியிடுகிறோம்.

காய்ந்த கல்லுக்கும் பாசி பிடித்த கல்லுக்கும் மாலை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டினால் கணுக்கால் முறியும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும். கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு; அதை விட்டுவிடுங்கள். கடல்நீரில் விப்ரியோ என்ற வகைக் கிருமிகள் இருக்கின்றன. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருப்பவர்களுக்கு அவற்றில் சில மிக வேகமாகச் சதையை அழுகவைக்கும். எனவே கல்லில் கீறிய காயத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி தேவையா என்று நாங்கள் பார்த்துச் சொல்வோம். மறுநாள் வீக்கமும் காய்ச்சலும் வந்தபிறகு வருகிறவர்களுக்குத்தான் வைத்தியம் நீள்கிறது.

யாராவது தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, துப்பட்டா, காலி தண்ணீர் கேன் என்று எது கிடைக்கிறதோ அதை எறிந்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். காசிமேட்டில் கூப்பிட்ட குரலுக்கு வரும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது தண்டவாளம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லா இடத்திலும் தண்டவாளத்தை ஒட்டியேதான் நம் வாழ்க்கை. அதனால் பயம் விட்டுப்போயிருக்கிறது. மின்சார ரயில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடும். அதைவிட மோசம், நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டியின் மேல் ஏறிப் படம் எடுப்பது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அப்படி எரிந்துபோய் வந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்க மாட்டேன். ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைந்ததற்கு 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பழவேற்காட்டில் படகில் போய்க் கேட்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு வரி: 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்பு மிதவைச் சட்டை இல்லாத படகில் கால் வைக்காதீர்கள்.

வெளியே எங்கும் போகவில்லை, எங்கள் மாடியில்தான் என்பார்கள். மாடிதான் எனக்கு இப்போது அதிகக் கவலை. மெழுகுவத்தி வைத்து இதயம் வரைகிறார்கள். கைப்பிடிச் சுவரில் பலூன் கட்டுகிறார்கள். 'யெஸ்' சொன்னதும் நண்பர்கள் ஸ்னோ ஸ்ப்ரே அடிக்கிறார்கள். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரக் கூடாது. ஹீலியம் விலை அதிகம் என்பதால் மேலே பறக்கும் பலூனில் பல இடங்களில் ஹைட்ரஜனைத்தான் நிரப்புகிறார்கள். நெருப்பு பட்டால் அது குப்பென்று பிடிக்கும். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் நம் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த வாயு. டப்பாவிலேயே தீச்சின்னம் போட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்துப் பெண் பாலியஸ்டர் கவுனோ சிந்தெடிக் புடவையோ உடுத்தியிருப்பாள். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தீப்பட்டால் ஓடக் கூடாது; தரையில் படுத்துப் புரள வேண்டும். அணைந்ததும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். 2 நிமிடம் போதாது, கடிகாரத்தைப் பார்த்து 20. ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம். கை வீங்குவதற்குள் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 108-ஐக் கூப்பிடுவதற்கு யோசிக்காதீர்கள்.

மோதிரம் என்றதும் இன்னொன்று. அளவு தெரியாமல் வாங்கிய மோதிரத்தை ஆசையோடு அழுத்தி மாட்டிவிட்டு, ராத்திரி விரல் நீலமாகி வருகிறவர்கள் உண்டு. நாங்கள் நூலால் கழற்றுவோம். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் விட்டு உள்ளங்கைப் பக்கம் எடுத்துக்கொள்வோம். மீதி நூலை மோதிரத்தை ஒட்டியபடி நகத்தை நோக்கி இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றுவோம், விரல் முட்டியைத் தாண்டும் வரை. வீக்கம் நூலுக்குள் அமுங்கிவிடும். பிறகு உள்ளங்கைப் பக்கம் உள்ள முனையைப் பிடித்து நகத்தின் திசையில் மெதுவாகப் பிரித்தால், மோதிரம் நூலின்மேல் சுழன்று சுழன்று ஏறி வெளியே வந்துவிடும். விரல் மரத்துப்போயிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ இதை வீட்டில் முயற்சி செய்யாமல் நேரே வாருங்கள், வெட்டி எடுத்துவிடுவோம். மோதிரத்தைவிட விரல் முக்கியம்.

சரி, உடம்பில் படும் காயம் இவ்வளவுதான். அந்தப் பெண் சொன்னதற்கு வருகிறேன்.

நாலு பேர் வீடியோ எடுக்க, நடுரோட்டில் ஒருவன் மண்டியிட்டால் அந்தப் பெண்ணால் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? கல்லின் நுனியிலிருந்து தனியாக இறங்கி வர முடியுமா? படகிலிருந்து? அங்கே கிடைக்கிற சம்மதத்தில் பாதி பயம், பாதி கூச்சம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி 'சரின்னு சொல்லு, இல்லன்னா குதிச்சிடுவேன்' என்பது காதலே இல்லை. அது மிரட்டல். அந்த நேரத்தில் அவனோடு வாதாடாமல் உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். அவனுக்கு மனநல உதவி வேண்டும், அதற்கு 14416 இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் துணை வேண்டும், அதற்கு 181. அவன் உயிருக்கு அவள் பொறுப்பில்லை என்பதை அவளிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடியாது என்று ஒரு பெண் சொன்ன பிறகும் விடாமல் பின்தொடர்ந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம்.

நம் திருவொற்றியூர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த சுந்தரர், இறைவனையே தூது அனுப்புகிறார். உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். அதனால் சத்தியம் செய்யும் நேரத்தில் மட்டும் நீர் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். இறைவன் அதைச் சங்கிலியாரின் கனவில் போய்ச் சொல்லிவிட, மறுநாள் சன்னிதியில் வேண்டாம், மகிழின் கீழ் செய்தால் போதும் என்று பெண்வீட்டுத் தோழியர் சொல்கிறார்கள். சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார், பின்னால் அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணை இழந்தார் என்கிறது பெரியபுராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். இடத்தைக் கடைசியில் முடிவு செய்தது பெண்பக்கம்.

வித்தியாசமான இடம் வேண்டுமென்றால் நம் பகுதியில் இல்லாததா? ரயில் பைத்தியம் பிடித்தவரா அவர்? ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். பிளாட்பாரத்து பெஞ்ச் போதும். சாப்பாட்டுப் பிரியரா, கடற்கரை ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் வாங்கிக்கொண்டு கேளுங்கள். விம்கோ நகருக்கு மெட்ரோ வந்ததே 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தில்தான். அவருக்குப் பிடித்த இடமாக, நினைத்த நேரம் எழுந்து நடந்துபோகக்கூடிய இடமாக இருக்கட்டும்.

அந்தப் பையன் 12-ஆம் நாள் தையல் பிரிக்க வந்தான். அவளும் வந்திருந்தாள். வேலைக்கான பரீட்சை முடியட்டும், ஒரு வருஷம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டாளாம். "சரின்னுட்டேன் டாக்டர்" என்றான் அவன். இரண்டு பேர் முகமும் தெளிவாக இருந்தது.

இதை எழுதுகிறேன் என்றதும் எங்கள் பிரிவில் இருக்கும் நர்ஸ் ஒருவர் தன் கதையைச் சொன்னார். வியாசர்பாடிக்காரர். 2008-ல் உலக கேரம் சாம்பியனான இளவழகியின் ஊர். இவரும் சின்ன வயதிலிருந்து கேரம் ஆடுகிறவர். ஒரு நாள் கிளப்பில் ஆடிக்கொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருந்தவர் ரெட் காயைப் போட்டுவிட்டு, அதற்கு ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட ஸ்ட்ரைக்கரை வைத்தபடியே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முதல்ல ஃபாலோ போடுங்கன்னேன் மேடம். போடல. ரெட்டைத் திரும்ப நடுவுல வச்சுட்டு, ஆட்டத்தை முடிச்சுட்டு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். மூணு நாள் கழிச்சு நானே போன் பண்ணி சரின்னேன்."