தும்மல் மாத்திரை ரெண்டு குடுங்க

மார்கழி பிறந்துவிட்டால் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரெண்டு பேர் வாசலில் நிற்பார்கள். "தும்மல் மாத்திரை ரெண்டு குடுங்க." முழு அட்டை யாருக்கும் வேண்டாம். கத்தரிக்கோலால் ரெண்டை வெட்டிக் கொடுத்தால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிடுவது இங்கேதான் தொடங்குகிறது.

போன வருஷம் ஒரு பெண் வந்து, "அண்ணா, அப்பா பகலெல்லாம் தூங்கிக்கிட்டே இருக்கார், நேத்து பாத்ரூம் போறப்ப தடுமாறிட்டார், ஒண்ணுக்கும் சரியா வரலைங்கிறார், சுகர் ஏறிடுச்சா?" என்று கேட்டார். அப்பாவுக்கு எழுபது வயது இருக்கும். தோல் தடிப்புக்காக டாக்டர் எழுதிய செட்டிரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை, 10 மி.கி., தினமும் இரவு ஒன்று போகிறது. வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு சளி மாத்திரை அட்டையை எடுத்தார், எங்கோ வாங்கியது, காலையும் இரவும் ஒவ்வொன்று. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கான பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். கடைசியில் இருப்பதும் அலர்ஜி மருந்துதான், அதுவும் மூளைக்குள் புகுந்து தூக்கத்தை இழுத்து வரும் பழைய தலைமுறை. பிராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைக்கவும் செய்யும், பினைலெஃப்ரினும் அதற்குத் துணைபோகும். டாக்டருக்குப் போன் போட்டோம், சளி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், ரெண்டு நாளில் பெரியவர் பழையபடி ஆகிவிட்டார்.

பெரியவர்களுக்கு செட்டிரிசின் வழக்கமாக ஒரு நாளைக்கு 10 மி.கி., ஒரே வேளை. லீவோசெட்டிரிசின் என்றால் 5 மி.கி. "அஞ்சுதானே, பவர் கம்மி, ரெண்டாப் போட்டுக்கிறேன்" என்று சொல்லாதவர்கள் குறைவு. செட்டிரிசினில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததுதான் லீவோ, அதனால் அந்த 5 இந்த 10-க்குச் சமம். ரெண்டுமே பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், ஆகவே கிட்னி பிரச்சினை உள்ளவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் வராத மாத்திரை என்று கேட்டு ஃபெக்சோஃபெனடின் வாங்குகிறவர்கள் அதைத் தண்ணீரில் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எதைப் போட்டாலும் முதல் நாள் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம், குடித்துவிட்டுப் போடவே கூடாது.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். செட்டிரிசின் சிரப் பொதுவாக 5 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும், லீவோசெட்டிரிசின் சிரப்பில் 2.5 மி.கி. பாட்டில் மாறினால் அளவும் மாறும், ஆனால் வீட்டில் அதே டீ ஸ்பூன்தான், அது 3 மி.லி.யும் பிடிக்கும், 7 மி.லி.யும் பிடிக்கும். மூடியோடு வரும் அளவுக் கப் எங்கே என்றால், பாப்பா விளையாட எடுத்துக்கொண்டதாம்! குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. ராத்திரி பஸ்ஸில் பிள்ளை தூங்கட்டும் என்று ஒரு மூடி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் நான் கொடுப்பதில்லை, அடுத்த கடைக்குப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம், எல்லா அலர்ஜிக்கும் இந்த மாத்திரை போதாது. சாப்பாடோ ஊசியோ குளவிக் கொட்டோ, எதனால் வந்தாலும் சரி, உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் வேலையைத் தொடங்கவே ஒரு மணி நேரம் வரை ஆகலாம், அதுவரை காத்திருக்க முடியாது. ஒருநாள் மதியம் இறால் சாப்பிட்டுவிட்டு ஒருவர் வந்தார், உதடு ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, குரல் கம்மியிருந்தது, கையில் பத்து ரூபாய். எதிரில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான். "மாத்திரையைக் குடுங்க சார், போற வழியில போட்டுக்கிறேன்" என்று ஏறின பிறகும் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.