தாங்கல்: நொண்டிக்கும் முடத்துக்கும் நடுவில் ஒரு சொல்

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் என் அக்காவின் மகள் ஒரு நாள் இரவு தொலைபேசியில் கேட்டாள்: “மாமா, லேம்னஸுக்குத் தமிழ்ல என்னண்டு எழுதுற? அகராதி முடம் எண்டு சொல்லுது. அந்தக் குதிரை முடமில்லையே.”

நுவரெலியாவில் சவாரிக்கு விடும் ஒரு குதிரையை அவர்கள் அன்று பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். முதல் நாள் வரை ஒழுங்காக நடந்த குதிரை. காயமில்லை, வீக்கமில்லை, ஆனால் வலது முன்காலை அழுத்தி ஊன்ற மறுத்தது. காரணம் தெரியாத அந்த நிலையைக் குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுத அவளுக்குச் சொல் வேண்டும். மட்டக்களப்பில் குதிரை என்றால் நமக்கு வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறிவரும் மரக்குதிரைதான். ஆனாலும் அவள் கேட்ட சொல் இங்கேதான் கிடந்தது, மாட்டுப் பட்டிகளில்.

முதலில் அகராதி தருகிற சொற்களைப் பார்ப்போம். முடம் என்பது முடங்கு என்ற வினையோடு சேர்ந்தது. முடங்குதல் என்றால் வளைதல், மடங்குதல். முடக்கம், முடக்குவாதம், முடவன் எல்லாம் அந்தக் குடும்பம். வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. இனி மாறாத ஒரு நிலையைச் சொல்ல அது பொருத்தமான சொல். நேற்று நடந்து நாளை மறுபடி நடக்கப் போகிற குதிரைக்கு அது பொருந்தாது.

நொண்டுதல் அதைவிட நெருக்கமானது. ஒரு காலில் சாய்ந்து, துள்ளித் துள்ளிப் போகிற நடையைச் சொல்கிறது. மலையாளத்தில் ஞொண்டுக என்பார்கள். வினையாக இருக்கும்வரை இந்தச் சொல்லில் குறையே இல்லை. நொண்டி என்று பெயராக மாறியதும்தான் சிக்கல். அது நடையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. போரில் காலை இழந்தவர்கள் நம்மோடு வாழ்கிற மாவட்டம் இது. ஒருவரை அவருடைய காலைக் கொண்டு அழைக்கும் சொல்லை எழுத்தில் எடுக்கவே எனக்கு மனம் வருவதில்லை. நொண்டல் என்று தொழிற்பெயராக எழுதினால் அந்தக் குற்றம் குறையும்.

நொண்டியும் குதிரையும் தமிழில் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. நொண்டி நாடகம் என்று ஒரு பழைய கூத்து வகை உண்டு. கதை பெரும்பாலும் ஒரே கதைதான். தாசியிடம் பொருளைத் தொலைத்த ஒருவன் குதிரை திருடப் போவான், பிடிபடுவான், தண்டனையாகக் கால் போகும். மறுகா தெய்வத்தின் அருளால் காலைத் திரும்பப் பெறுவான். அவன் நொண்டிக்கொண்டே பாடுகிற சந்தத்துக்கு நொண்டிச் சிந்து என்றே பெயர். அந்தக் கூத்துகளில் குதிரைக்குக் கால் நன்றாகவே இருக்கிறது, திருடனுக்குத்தான் போகிறது.

கெந்துதல் என்பது நம் பக்கத்துச் சொல். ஒற்றைக்காலில் தத்துவது. ஒரு காலை முற்றாகத் தூக்கிக்கொண்டு போனால்தான் கெந்துகிறது என்போம். காரணம் பிடிபடாத நொண்டலில் பல இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. நடையில் ஏதோ ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் தெரியும்.

அதற்குத்தான் தாங்கல். “மாடு காலைத் தாங்குது” என்று மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யாரும் சொல்வார்கள். தாங்கித் தாங்கி நடப்பது தமிழர் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. தாங்கு என்றால் சுமத்தல், விழாமல் பிடித்தல். நோகிற காலின் பாரத்தை மற்றக் கால்கள் வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றுகின்றன. நோயின் பெயரைச் சொல்லாமல், விலங்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் இந்தச் சொல் சொல்கிறது. மனத்தாங்கல் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு மனத்தாங்கல் என்றால் உள்ளே ஏதோ நோகிறது என்று தெரியும், ஏன் என்பதை இனித்தான் கேட்டறிய வேண்டும். கால்தாங்கலும் அதே மாதிரித்தான். (வட தமிழ்நாட்டில் ஏரிக்கும் தாங்கல் என்பார்கள். வேடந்தாங்கலில் இருப்பது அது. அதனால் கால்தாங்கல் என்று சேர்த்தே எழுதுவது நல்லது.)

ஆங்கிலச் சொல் லேம் பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது, அதில் பெரிய கதை இல்லை. இலத்தீனில் உண்டு. கிளாவுடுஸ் என்றால் நொண்டுபவர் என்று பொருள். கிளாடியஸ் என்ற உரோமக் குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பெயருடைய பேரரசரும் காலைத் தாங்கியே நடந்தார் என்பது வரலாறு. அதே வேர்தான் கிளாடிகேஷன் என்ற மருத்துவச் சொல்லிலும் இருக்கிறது. நடக்க நடக்கக் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிகிற நோயை மனித மருத்துவர்கள் இப்படி அழைக்கிறார்கள். காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. 1831ல் பூலே என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் இதை ஒரு குதிரையிடம் கண்டு எழுதினார். 1858ல் ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் மனிதரிடம் விவரித்தார். மனித மருத்துவத்துக்கு ஒரு நோயின் பெயர் குதிரை லாயத்திலிருந்து போயிருக்கிறது.

சரி, தாங்கலின் காரணத்தை எப்படிப் பிடிப்பது? நான் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெரியப்பாவின் வண்டி மாடு வெள்ளையன் ஒருமுறை முன்காலைத் தாங்கத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் சப்பை விலகிவிட்டது என்றார்கள். ஒருவர் நாவூறு என்றார். மூன்று நாள் தோளில் வேப்பெண்ணெய் பூசியதில் மாடு மினுங்கியதுதான் மிச்சம். நான்காம் நாள் பெரியப்பா அதை வயலிலிருந்து கிரவல் ரோட்டுக்குக் கொண்டுவந்து என்னை நடத்தச் சொன்னார். அவர் காலைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார். “மனே, சப்பையில ஒண்டுமில்ல. குளம்பத் தூக்கிப் பாப்பம்” என்றார். கயிறு போட்டு விழுத்தி, குளம்பின் அடியைக் கத்தியால் மெல்லச் சீவினார். மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அதை விரலால் அழுத்தியதும் மாடு உதறியது. இன்னும் கொஞ்சம் தோண்டினார். சாம்பல் நிறத்தில் நீர்த்த சீழ் பீறிட்டு வந்தது. அந்த நாற்றம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியாக, ஒடிந்த முள்ளின் நுனி வந்தது.

குதிரை வைத்தியர்கள் செய்வதும் இதே வரிசைதான் என்று அக்காவின் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். கடினமான தரையில், கயிற்றைத் தளரப் பிடித்து, நடையிலும் சிற்றோட்டத்திலும் பார்க்கிறார்கள். சிற்றோட்டத்தில் குறுக்கெதிர்க் கால்கள் இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் நிலத்தில் படும். தாளம் சமமாக இருப்பதால் ஒரு கால் பிசகினாலும் தெரிந்துவிடும். நோகிற முன்கால் நிலத்தில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்கால் என்றால் இடுப்பின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும். வட்டமாக ஓடவிட்டால் உட்பக்கக் காலின் தாங்கல் பல நேரம் கூடித் தெரியும். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் இதற்கு 0 முதல் 5 வரை தரம் வைத்திருக்கிறது. 1 என்றால் கண்ணுக்கு அரிதாகத்தான் படும். 4 என்றால் நடக்கும்போதே தெரியும். 5 என்றால் காலில் பாரம் வைப்பதே மிகக் குறைவு, அல்லது அசையவே முடியாது.

அப்புறம் கை வேலை. குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்களில் சுமக்கிறது. முன்கால் தாங்கலின் காரணம் பெரும்பாலும் குளம்பிலோ அதற்குப் பக்கத்திலோதான் இருக்கும். குளம்பு சுடுகிறதா, அதற்கு மேலே நாடி பலமாகத் துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். பெரிய குறடு ஒன்றால் குளம்பை இடம் இடமாக அழுத்துகிறார்கள். ஒரு மூட்டை மடக்கி ஒரு நிமிடம் வரை பிடித்திருந்து, விட்ட உடனே ஓடவிட்டும் பார்ப்பதுண்டு.

இவற்றிலும் பிடிபடாவிட்டால் விறைப்பூசி. இந்த முறையின் அறிவு எனக்கு மிகவும் பிடித்தது. காலின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நரம்பாக விறைக்கச் செய்து மேலே போகிறார்கள். எந்த ஊசிக்குப் பிறகு குதிரை நேராக நடக்கிறதோ, அந்த ஊசி விறைக்கச் செய்த பகுதியில்தான் நோவு இருக்கிறது. மேலிருந்து தொடங்கினால் கீழே உள்ளதெல்லாம் ஒன்றாக விறைத்துவிடும், இடம் தெரியாது. எலும்பு வெடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஊசி போடுவதில்லை, நோவு தெரியாமல் குதிரை பாரம் வைத்து எலும்பை முறித்துக்கொள்ளும். இடம் தெரிந்த பிறகுதான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும். குதிரையோ மாடோ, வைத்தியர் வந்து பார்க்கும் முன் வலி மாத்திரை கொடுக்காதீர்கள். வலியோடு அடையாளமும் மறைந்துவிடும்.

நான் அவளுக்கு எழுதி அனுப்பியது இதுதான்: மாறாத நிலைக்கு முடம், நடையின் பொதுப் பெயருக்கு நொண்டல், காரணம் தேட வேண்டிய அறிகுறிக்குக் கால்தாங்கல். தேடப்படும் காரணத்துக்கு நோய்முதல். அது வள்ளுவர் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டியதில்லை. லேம்னஸ் எக்ஸாமினேஷன் என்பதைக் கால்தாங்கல் பரிசோதனை என்று எழுதலாம்.

இரண்டு நாள் கழித்துத் தன் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். “வலது முன்கால்தாங்கல், தரம் 4. நோய்முதல்: தெரியாது” என்று முதல் நாள் எழுதியிருக்கிறாள். தெரியாது என்ற சொல் மட்டும் மறுநாள் தேதியில் வெட்டப்பட்டு, மேலே நீல மையில் “குளம்பினுள் சீழ்” என்று இருந்தது.