கக்குவான் இருமலுக்குக் கடல்குதிரை வேண்டாம்

குன்னூரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். மார்கழிக் குளிரில் இருமலோடு வரும் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்திருக்கும். காய்ந்த கடல்குதிரையைப் பொடித்து, தேனில் குழைத்து நாக்கில் தடவியிருப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் உறவு இருப்பவர்கள் அங்கிருந்து வாங்கி வருகிறார்கள்.

கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வருவது. கடல்குதிரைப் பொடி அதைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பொடியை நம்பிக் காத்திருக்கும் நாட்கள்தான் பெரிய ஆபத்து. கைக்குழந்தைக்கு இருமல் பெரிதாக இல்லாமலே மூச்சு நின்றுபோகலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்தேன். விரல் நீளம்தான். வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் வழவழப்பான பை. அப்படியானால் அது ஆண். கடல்குதிரையில் ஆண்தான் சூல் கொள்ளும். பெண் தன் முட்டைகளை அந்தப் பைக்குள் இட்டுவிடும். உள்ளேயே கருவூட்டி, ஆக்சிஜன் கொடுத்து, ஏறக்குறைய மூன்று வாரம் சுமந்து, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை வெளியே தள்ளுவது ஆண். பாட்டிக்கு இதைச் சொன்னதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தாயும் பார்க்காது, தகப்பனும் பார்க்காது. அதற்கு இரைப்பையே கிடையாது, அதனால் நுண்ணிய இறால் இனங்களை ஓயாமல் தின்றாக வேண்டும். நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, வாலால் ஒரு கடற்புல்லைப் பற்றிக்கொள்ளும் அளவு வளர்வதற்குள் பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். தப்பிப் பிழைத்துப் பருவமடையும் அந்தச் சிலவற்றைத்தான் நாம் பொடியாக்குகிறோம். பல இனங்கள் ஒரே துணையோடு வாழ்பவை. ஒன்று வலையில் போனால், வேறு துணை அமையும்வரை மற்றதும் இனம் பெருக்காது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுவலை கடற்புல்லையே வாரிக்கொண்டு போகிறது. அந்தச் சேதம் தனி.

2001இல் கடல்குதிரையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்.

கக்குவானுக்கு மருந்தும் உண்டு, தடுப்பூசியும் உண்டு. 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலண்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி), அப்புறம் ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதுக்கு மேலும் பூஸ்டர். அரசு சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். பிள்ளை விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் ஊளையிடுவதுபோல் மூச்சை இழுத்தால், அல்லது இருமி முடித்ததும் வாந்தி எடுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.