நமீபியப் பாலைவன முகாமில் வெந்நீர் வரும் வழி

நமீபியாவின் வடமேற்கில் இருக்கும் டமராலாந்தில் பல இடங்களில் ஆண்டு மழை 150 மில்லிமீட்டரைத் தாண்டாது. மின்கம்பி கிடையாது, நகராட்சிக் குழாய் கிடையாது. டமராலாந்து கேம்ப் என்ற விடுதி 1996 முதல் அங்கேதான் நடக்கிறது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், ஊர்மக்கள் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியலும் நிர்வாகக் குழுவும் வைத்து ஒரு சமூகக் காப்பகமாகப் பதிவு செய்துகொண்டால், வனவிலங்காலும் சுற்றுலாவாலும் வரும் வருமானம் அவர்களுக்கே என்றது. இந்த விடுதி இருக்கும் தோரா காப்பகம் 1998-ல் பதிவான முதல் சிலவற்றுள் ஒன்று. 2005-ல் திறந்த குரூட்பெர்க் லாட்ஜ் இன்னும் ஒரு படி மேல்: கட்டடமே ஊர்ச் சமூகத்தின் சொத்து.

உரிமையாளர்கள் ஊர்க்காரர்கள் என்பதால் தண்ணீர்க் கணக்கு இங்கே கறாராக இருக்கும். விருந்தினர் குளிக்கும் தண்ணீரும் ஊரார் ஆடுகள் குடிக்கும் தண்ணீரும் நிலத்தடியிலிருந்தே வர வேண்டும். வழக்கமான ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கொட்டும். அதனால் இதுபோன்ற முகாம்கள் பலவற்றில் வாளி ஷவர்தான்: 20 லிட்டர் வெந்நீரைக் கயிற்றில் மேலே ஏற்றி, அடியிலுள்ள வால்வைத் திறந்து மூடிக் குளிப்பது. நனைந்ததும் மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்தால் ஒருவருக்குத் தாராளமாகப் போதும்.

அந்த வெந்நீரைப் பழைய முறையில் காய்ச்சுவது டாங்கி பாய்லர். 200 லிட்டர் இரும்பு டிரம்மைக் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, கீழே தீ மூட்டுவார்கள். உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து குளிர்ந்த நீர் டிரம்மின் அடியில் நுழையும். சூடான நீர் மேற்பக்கக் குழாய் வழியே தள்ளப்பட்டு வெளியேறும். பம்ப் தேவையில்லை. மேலே ஒரு காற்றுக் குழாய் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். சுண்ணாம்பு படிந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீராவி போக வழியில்லாமல் டிரம் வெடிக்கக்கூடும். தண்ணீர் இல்லாமல் தீ மூட்டினாலோ அடித்தகடு ஓட்டையாகும்.

விறகுக் கணக்குதான் இதன் பெரிய குறை. 200 லிட்டரை 35 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 29 மெகாஜூல் வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் கால்பங்கு நீருக்குப் போனாலே பெரிது. எனவே 7, 8 கிலோ காய்ந்த விறகு எரியும். மோபானே மரம் மெதுவாக வளரும் ஊரில் தினமும் இதைச் செய்தால் சில வருடங்களில் சுற்றுவட்டாரமே மொட்டையாகிவிடும். அதே வேலையை 3 சதுர மீட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வெயில் நாளில் முடித்துவிடும். மாலையில் குளிப்பதுதான் லாபம். இரவெல்லாம் கிடந்து ஆறிய நீரில் விடியற்காலை குளிக்க நினைப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

இதுபோன்ற முகாம்களில் கூடாரம் சூடாகாமல் இருப்பது இரட்டைக் கூரையால். வெளிக்கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் சூடேறிய காற்று இரு முனைகளிலும் வெளியேறும். உள்கூரைக்கு நிழல் மட்டுமே கிடைக்கும். இடைவெளியின் முனைகளை அழகுக்காக மூடினால் வேலை கெட்டது. வறண்ட காற்றும் தெளிந்த வானமும் சேர்வதால் இரவில் வெப்பம் விரைவாக விண்வெளிக்குப் போய்விடும், அங்கே குளிர்காலமான ஜூலையில் கம்பளி இல்லாமல் தூக்கம் வராது. சமையல்கட்டில் காய்கறி வைக்க, கம்பிவலை இரண்டுக்கு நடுவே மரக்கரி நிரப்பி, மேலிருந்து நீர் சொட்டவிட்ட அறை போதும். நம் மண்பானை குளிர்வது போலத்தான்: ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். இறைச்சிக்கு இந்தக் குளிர்ச்சி போதாது.

மின்சாரம் சோலார் பேனலிலிருந்து. ஒரு கூடாரத்தில் நான்கு 5 வாட் எல்இடி விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. 1,500 வாட் ஹேர் டிரையரைப் பத்தே நிமிடம் ஓட்டினால் 250. அதைக் கொண்டுவராதீர்கள் என்று முகாம்காரர்கள் சொல்வது இதனால்தான். சூடு அதிகமானால் மின்சாரமும் அதிகம் என்பது தப்புக்கணக்கு: பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் உற்பத்தி 15 சதவீதம் அளவுக்குக் குறையும். பேட்டரி நிலைமை இன்னும் மோசம். ஈய-அமில பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். அதை நிழலில், காற்றோட்டத்தில்தான் வைக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரே இரவில் கலைத்துப்போடக்கூடியது யானை. இப்பகுதியின் ஹுஆப் ஆற்றுப்படுகையில் திரியும் யானைகள் தனி இனம் அல்ல, ஆப்பிரிக்கச் சவானா யானைகளே. வறட்சியில் வாழப் பழகியவை. பெரிய யானை ஒரே நாளில் 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். தொட்டி வறண்டிருந்தால் குழாயைப் பிடுங்கும், பம்பை மிதிக்கும். மறுநாள் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் இருக்காது. ஆகவே பம்பையும் தொட்டியையும் சுற்றி அகலமான கற்சுவர் எழுப்பி, குடிநீர்த் தொட்டி ஒன்றை மட்டும் யானைகளுக்கென்று தள்ளி வெளியே கட்டுகிறார்கள். சுவர் மட்டும் கட்டி வெளித்தொட்டியை நிரப்பாமல் விட்டால், தாகம் எடுத்த யானை சுவரைத்தான் முதலில் தள்ளிப்பார்க்கும்.